இலவச நிரலின் மேல் எழும் வணிகம்: நியாய விலை எது?

பொதுவில் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல நிரலை அடித்தளமாகக் கொண்டு உருவாகும் வணிக மென்பொருளுக்கு எவ்வளவு விலை வைப்பது நியாயம் என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வாங்குபவர் தாம் தரும் பணத்துக்கு ஈடான ஒன்றைப் பெறுகிறாரா என்பது முதலாவது. அடித்தள நிரலை எழுதிப் பராமரிப்பவர்களுக்கு அந்த வருவாயில் பங்கு உண்டா என்பது இரண்டாவது. பெரும்பாலான விவாதங்களில் இவ்விரண்டும் கலந்தே பேசப்படுகின்றன. ஆனால் இவற்றைத் தீர்மானிக்கும் விசைகள் வெவ்வேறு. நகலெடுக்கும் உரிமை உயிரோடு இருக்கும் இடத்தில் முதல் கேள்விக்குச் சந்தையே ஏறத்தாழ விடை தந்துவிடுகிறது. இரண்டாவது கேள்வியைச் சந்தை கண்டுகொள்வதே இல்லை. கடந்த நாற்பது ஆண்டுகளின் அனுபவம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

உரிமங்கள் விலையைப் பற்றிச் சொல்வது

கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் விற்பனையைத் தடுப்பதில்லை. விலைக்கு உச்சவரம்பும் வைப்பதில்லை. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தாம் எழுதிய ஈமேக்ஸ் தொகுப்பானைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்று வந்தார். அன்றைய கணினி வலையமைப்பில் இணைப்பு இருந்தவர்கள் அதே நிரலைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ள முடிந்தது. இணைப்பு இல்லாதவர்கள் நாடாவை வாங்கினார்கள். அந்தப் பணம் அடுத்த நிரலை எழுதும் நேரத்தை அவருக்குத் தந்தது.

1989இல் வெளிவந்து 1991இல் திருத்தப்பட்ட ஜிபிஎல் உரிமம் இந்த நடைமுறைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. நகல் ஒன்றை எந்த விலைக்கும் கொடுக்கலாம். வாங்கியவர் அதை மற்றவருக்கு இலவசமாகவோ விலைக்கோ கொடுப்பதைத் தடுக்கக் கூடாது. விலைக்குக் கட்டுப்பாடு வரும் முக்கியமான இடம் மூலநிரல். இயங்குநிரலை மட்டும் விற்று, மூலநிரலைக் கேட்டால் பிறகு தருவதாக எழுதிக் கொடுக்கும் நிறுவனம், அதை அனுப்பும் செலவுக்கு மேல் வசூலிக்க இரண்டாம் பதிப்பு அனுமதிப்பதில்லை. மூலநிரலுக்கு எட்டாத விலை வைத்தால் அதைப் பெறும் உரிமை வெறும் காகித உரிமையாகிவிடும் என்பதே காரணம். 1998இல் உருவான திறந்த மூல முனைப்பு அமைப்பின் வரையறையிலும், மென்பொருளை விற்பதை உரிமம் தடுக்கக் கூடாது என்பதே முதல் விதி. வணிகப் பயன்பாடு உட்பட எந்தத் துறையிலும் பயன்படுத்துவதை விலக்கக் கூடாது என்பது ஆறாவது விதி.

விலை பூச்சியத்தை நோக்கிச் சரிவதே சட்டவிரோதம் என்ற வாதமும் ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. லினக்ஸை ஜிபிஎல்லின் கீழ் வழங்குவதன் மூலம் ஐபிஎம், ரெட் ஹேட், நாவெல் ஆகிய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலையைப் பூச்சியத்தில் நிறுத்திப் போட்டியை ஒழிக்கின்றன என்று டேனியல் வாலஸ் என்பவர் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். 2006இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. போட்டியாளரை விரட்டுவதற்காக விலையைக் குறைப்பவர் பிறகு அதை உயர்த்தினால்தான் நுகர்வோருக்குத் தீங்கு. ஜிபிஎல்லோ நகலின் விலை பின்னாளில் உயராதபடி பார்த்துக்கொள்கிறது என்பது தீர்ப்பின் சாரம்.

பணம் எதற்காகத் தரப்படுகிறது

மென்பொருளின் முதல் பிரதிக்கு உழைப்பு அதிகம். அடுத்த பிரதிக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. நகலெடுக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தால், நகலின் விலை போட்டியால் அந்தச் செலவுக்கு அருகே வந்து நிற்கும். எனவே நிலைத்து நிற்கும் விலை, நகலெடுக்க முடியாத ஒன்றுக்கான விலையாகத்தான் இருக்கும். பிழை திருத்தித் தரும் பொறுப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள் உரிய நேரத்தில் வருதல், குறிப்பிட்ட வன்பொருளில் ஓடும் என்ற சான்று, நம்பத்தக்க பெயர், கோளாறு ஏற்பட்டால் தொலைபேசியை எடுப்பதற்கு ஓர் ஆள் ஆகியவை அத்தகையவை.

இதை வணிகமாக்கிய முன்னோடி, 1989இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சிக்னஸ். குனூ நிரல்பெயர்ப்பியைப் புதிய சில்லுகளுக்கு ஏற்ப மாற்றித் தருவதும் அதற்கு ஆதரவு தருவதும் அதன் தொழில். நிரல் எல்லோருக்கும் கிடைத்தது. அதை வேண்டியபடி மாற்றத் தெரிந்த பொறியாளர்கள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

ரெட் ஹேட் இந்த வழியைப் பெரிய அளவில் கொண்டுசென்றது. 1993இல் தொடங்கிய அந்நிறுவனம் முதலில் லினக்ஸைக் குறுவட்டுப் பெட்டியாக விற்றது. 2002 முதல் நிறுவனங்களுக்கான பதிப்பை ஆண்டுச் சந்தாவாக விற்கத் தொடங்கியது. 2010களில் ஒரு சர்வருக்கான அதன் பட்டியல் விலை மூன்று படிகளாக இருந்தது: ஆதரவின்றித் திருத்தங்கள் மட்டும் பெற ஆண்டுக்கு 349 டாலர், அலுவலக நேர ஆதரவுடன் 799 டாலர், இரவு பகல் ஆதரவுடன் 1,299 டாலர். மூன்றிலும் ஓடியது ஒரே நிரல்தான். விலை வேறுபாடு முழுவதும் மனித உழைப்புக்கும் பொறுப்புக்கும் உரியது. 2012 பிப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் 100 கோடி டாலரைக் கடந்தது. 2019இல் ஐபிஎம் அதைச் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

உச்சவரம்பு எப்படி உருவாகிறது

இந்த விலைகளை எந்த அரசும் கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் அவை எல்லையின்றி உயரவும் இல்லை. ரெட் ஹேட்டின் மூலநிரலைக் கொண்டே, அதன் பெயரையும் சின்னத்தையும் மட்டும் நீக்கி, 2004 முதல் சென்ட்ஓஎஸ் இலவசமாக வெளிவந்தது. 2006இல் ஆரக்கிள் அதே அடித்தளத்தில் தன் லினக்ஸை வெளியிட்டுக் குறைந்த கட்டணத்தில் ஆதரவு தர முன்வந்தது. வாங்குபவருக்கு வெளியேறும் வழி எப்போதும் திறந்திருந்ததால், சந்தாவுக்கும் அது தரும் உண்மையான பயனுக்கும் இடையே பெரிய இடைவெளி விழ முடியவில்லை.

அந்த வழியைக் குறுக்கும் முயற்சிகளும் நடந்தன. 2011இல் ரெட் ஹேட் தன் லினக்ஸ் கருவின் திருத்தங்களைத் தனித்தனியாக வெளியிடாமல், ஒன்றாகக் கலந்த வடிவில் தந்தது. எது ஏன் மாற்றப்பட்டது என்று போட்டியாளர்கள் அறிவது கடினமாயிற்று. 2014இல் சென்ட்ஓஎஸ் ரெட் ஹேட்டின் அரவணைப்புக்குள் வந்தது. அதன் பழைய வடிவம் நிறுத்தப்பட்டு, சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் என்ற வடிவம் மட்டும் தொடரும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வெளியானது. 2023 ஜூனில், முழுமையான மூலநிரல் இனிச் சந்தாதாரர்களுக்கு மட்டுமே என்றும், பொதுமக்களுக்கு சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டுமே கிடைக்கும் என்றும் நிறுவனம் அறிவித்தது. இயங்குநிரலைப் பெறுபவருக்கு மூலநிரல் தரவேண்டும் என்றுதான் ஜிபிஎல் கேட்கிறது. உலகத்துக்கே தரவேண்டும் என்று அது கேட்கவில்லை. ஆனால் கிடைத்த நிரலைச் சந்தாதாரர் மறுவெளியீடு செய்தால் சந்தாவை முறிக்கலாம் என்ற ஒப்பந்த விதி, உரிமத்தின் எழுத்தை மீறாவிட்டாலும் அதன் நோக்கத்துக்கு ஒத்ததா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் ஆகிய தொகுப்புகள் 2020 அறிவிப்பின் விளைவாகப் பிறந்து, உச்சவரம்பு வேலையைத் தொடர்கின்றன.

இரண்டு வகை உரிமம், இரண்டு வகை விலை

பகிர்வைக் கட்டாயமாக்கும் ஜிபிஎல் போன்ற உரிமங்களில்தான் இந்த உச்சவரம்பு முழுமையாக இயங்குகிறது. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற தளர்வான உரிமங்களில், நிரலை எடுத்து மாற்றி, மூலநிரலை மூடி விற்கலாம். பெயரும் உரிம வாசகமும் உடன்போனால் போதும். ஆப்பிளின் மேக் இயங்குதளத்திலும் சோனியின் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கருவியிலும் பிஎஸ்டி குடும்ப நிரல் இருக்கிறது. அங்கே விலை முழுப் பொருளுக்குரிய சந்தை விலை. இலவச அடித்தளத்துக்கும் அந்த விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இதை அநியாயம் என்று அந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்தவர்களே பெரும்பாலும் சொல்வதில்லை. நிரல் பரவலாகப் பயன்பட வேண்டும் என்பதே அவர்களது நோக்கம்.

மூன்றாவது வழி இரட்டை உரிமம். ஒரே நிரலை ஜிபிஎல்லின் கீழ் இலவசமாகவும், தன் நிரலைத் திறக்க விரும்பாத நிறுவனத்துக்கு வணிக உரிமத்தில் விலைக்கும் தருவது இது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இப்படி வளர்ந்துதான் 2008இல் சன் நிறுவனத்துக்குச் சுமார் 100 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. இங்கே விலைக்கு ஒரு தெளிவான அடிப்படை இருக்கிறது: பகிரும் கடமையிலிருந்து விலக்குப் பெறுவதற்கான கட்டணம் அது. பகிர்பவர் நிரலால் ஈடு செய்கிறார். பகிராதவர் பணத்தால் ஈடு செய்கிறார். கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலின் உரிமையாளரான ஆர்ட்டிஃபெக்ஸ், இரண்டில் எதையும் செய்யாமல் அதைத் தன் மென்பொருளில் சேர்த்ததாகக் கொரியாவின் ஹான்காம் மீது தொடுத்த வழக்கில், வணிக உரிமத்தின் விலையை இழப்பீட்டுக்கு அளவுகோலாகக் கொள்ள இடமுண்டு என்று கலிபோர்னிய நீதிமன்றம் 2017இல் கருதியது. பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

பணமில்லா ஈடும் சட்டத்தின் கண்ணில் மதிப்புள்ளதே என்பது அதற்கு முன்பே உறுதியாகியிருந்தது. பொம்மை ரயில்களை இயக்கும் ஒரு திறந்த மூல நிரலை வணிக நிறுவனம் பெயர் குறிப்பிடாமல் எடுத்துக்கொண்டதைப் பற்றிய ஜேக்கப்சன்–கட்சர் வழக்கில், பெயர் குறிப்பிடுவது, மாற்றங்களைச் சுட்டுவது போன்ற நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008இல் அமெரிக்கக் கூட்டாட்சி வட்டார நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் கைமாறாவிட்டாலும் திறந்த மூல உரிமத்தில் பொருளாதாரப் பலன் உண்டு என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இரட்டை உரிமத்தில் உள்ள சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வணிக உரிமம் விற்க, நிரலின் முழு உரிமையும் ஒரே கையில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து திருத்தம் அனுப்புபவர் தம் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவருடைய இலவச உழைப்பு விலைப்பட்டியலில் ஏறுகிறது. வருவாய் மட்டும் அவரிடம் திரும்புவதில்லை.

கிளவுட் கொண்டுவந்த முறிவு

கிளவுட் சேவைகள் பெருகியபோது ஜிபிஎல்லின் கணக்கும் குலைந்தது. மென்பொருளின் நகல் வாடிக்கையாளர் கைக்குப் போகாமல் சேவையாளரின் சர்வரிலேயே ஓடினால், பகிரும் கடமை எழுவதில்லை. இந்த ஓட்டையை அடைக்கவே ஏஜிபிஎல் உரிமம் எழுதப்பட்டது. ஆனால் மாற்றம் எதுவும் செய்யாமல், பெரிய கட்டமைப்பின் பலத்தால் மட்டுமே அந்நிரலைச் சேவையாக விற்று லாபம் பார்ப்பவரை அதுவும் தொடுவதில்லை.

இதற்கு எதிர்வினையாகத் தரவுத்தள நிறுவனங்கள் உரிமத்தை மாற்றத் தொடங்கின. மாங்கோடிபி 2018இல் எஸ்எஸ்பிஎல் என்ற உரிமத்துக்கு மாறியது: நிரலைச் சேவையாக விற்பவர், அச்சேவையை இயக்கும் துணை நிரல்கள் அனைத்தையும் திறக்க வேண்டும். திறந்த மூல முனைப்பு இதைத் திறந்த மூல உரிமமாக ஏற்கவில்லை. அமேசான் 2015 முதல் எலாஸ்டிக்சர்ச்சைச் சேவையாக விற்றுவந்த நிலையில், எலாஸ்டிக் நிறுவனம் 2021இல் அப்பாச்சி உரிமத்தைக் கைவிட்டது. அமேசான் பழைய நிரலிலிருந்து ஓபன்சர்ச் என்ற கிளையைத் தொடங்கியது. 2023இல் ஹாஷிகார்ப் தன் டெராஃபார்ம் கருவியின் உரிமத்தை மாற்றியதும் ஓபன்டோஃபு பிறந்தது. 2024இல் ரெடிஸ் மாற்றியதும் வால்கி பிறந்தது. எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாகச் சேர்த்துத் திறந்த மூல வட்டத்துக்குள் திரும்பின.

இந்த வரிசையில் ஒரே பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. உரிமத்தை இறுக்கி விலையை உயர்த்தும் முயற்சிக்குப் பழைய பதிப்பிலிருந்து கிளைக்கும் உரிமை தடையாக நிற்கிறது. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தப் பணமும் பொறியாளர்களும் வேண்டும். வால்கிக்கும் ஓபன்சர்ச்சுக்கும் பின்னால் பெருநிறுவனங்கள் நின்றன. சிறிய நிரல் ஒன்றின் உரிமம் மாறினால் அதன் பயனாளிகளுக்கு அப்படிப்பட்ட துணை கிடைப்பதில்லை. இடைவழியாக, குறிப்பிட்ட காலம் வணிகப் போட்டியைத் தடுத்து, பிறகு தானாகவே திறந்த மூலமாகும் உரிமங்களும் வந்திருக்கின்றன. மரியாடிபி உருவாக்கிய பிஎஸ்எல் உரிமத்தில் அந்தக் காலம் அதிகபட்சம் 4 ஆண்டு. சென்ட்ரி நிறுவனம் 2023இல் வெளியிட்ட எஃப்எஸ்எல் உரிமத்தில் 2 ஆண்டு.

சில்லறைச் சந்தை

தனிநபர் வாங்கும் மென்பொருளில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் நிரலை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, விவரம் அறியாதவர்களிடம் விற்பவர்கள் இணையக் கடைகளில் உண்டு. உரிமப்படி இதுவும் பெரும்பாலும் தவறாகாது. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் தன் கடையின் விதிகளைத் திருத்தி, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளிலிருந்து லாபம் தேடக் கூடாது என்று அறிவித்தது. நோக்கம் ஏமாற்று விற்பனையைத் தடுப்பது; ஆனால் அடி உண்மையான உருவாக்குநர்கள் மேலும் விழுந்தது. ஓவிய மென்பொருளான கிரிட்டா தன் தளத்தில் இலவசமாகவும் அந்தக் கடையில் விலைக்கும் கிடைக்கிறது. அந்த விற்பனை உருவாக்குநர்களின் ஊதியத்துக்கு உதவுகிறது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த வாசகம் கைவிடப்பட்டது. ஒரு பொருளின் இலவச வடிவம் இருப்பதால் மட்டும் விலை அநியாயமாகிவிடாது; அதை மறைத்து விற்பதே தவறு என்ற வேறுபாட்டை அந்த விவாதம் வெளிக்கொண்டுவந்தது.

வேர்ட்பிரஸ் சந்தை இன்னொரு எடுத்துக்காட்டு. உலக இணையத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இயங்கும் இந்த நிரல் ஜிபிஎல்லின் கீழ் வருகிறது. அதற்கான செருகுநிரல்கள் பலவும் அதே உரிமத்தில் இருந்தும் ஆண்டுக் கட்டணத்துக்கு விற்கப்படுகின்றன. ஒருவர் வாங்கியதை மற்றவர்களுக்கு மலிவாக மறுவிற்பனை செய்யும் தளங்கள் சட்டப்படியே இயங்க முடியும். அசல் விற்பனையாளர் தருவது திருத்தங்களும் உதவியும். 2024 செப்டம்பரில், வேர்ட்பிரஸின் இணை நிறுவனர் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம், வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடம் தரும் டபிள்யூபி எஞ்சினிடம் வருவாயில் 8 விழுக்காட்டைப் பணமாகவோ பங்களிப்பு உழைப்பாகவோ கேட்டது. உரிமம் அப்படி எதையும் கேட்க இடம் தராததால், கோரிக்கை வணிகச்சின்ன உரிமையின் பெயரில் எழுந்தது. டபிள்யூபி எஞ்சின் வழக்குத் தொடுத்தது; 2024 டிசம்பரில் அதற்குச் சாதகமாக இடைக்காலத் தடை கிடைத்தது. பங்களிக்காமல் சம்பாதிப்பது நியாயமா என்ற கேள்வி உண்மையானதுதான். ஆனால் உரிமத்தில் இல்லாத கட்டணத்தைப் பின்னர் விதிக்க முயன்றால் அந்த உரிமத்தை நம்பித் தொழில் செய்த எல்லோருக்கும் நிலம் அசைகிறது.

அடித்தளத்தைக் கட்டியவர்களின் பங்கு

வாங்குபவர் தரும் விலை நியாயமாக இருக்கும்போதும், அதில் ஒரு காசுகூட அடித்தள நிரலாளருக்குப் போகாமலிருக்கலாம். இணையப் பரிமாற்றங்களின் பெரும்பகுதியைப் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. அதுவரை அத்திட்டத்துக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். அதைப் பயன்படுத்திய வங்கிகளும் நிறுவனங்களும் தங்கள் சேவைக்கு வைத்த விலை சந்தை விலைதான். ஓபன்எஸ்எஸ்எல்லின் பராமரிப்புச் செலவு எந்த விலையிலும் சேரவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலுக்குள் மறைவாசல் ஒன்று நுழைக்கப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டது. களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரின் சுமையைப் பகிர்வதாக வந்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதைச் செய்திருந்தார்.

மதிப்புக்கும் செலவுக்கும் இடையிலான தூரத்தை ஹார்வர்டு வணிகப் பள்ளி 2024இல் வெளியிட்ட ஆய்வு அளந்தது. பரவலாகப் பயன்படும் திறந்த மூல நிரல்களை ஒருமுறை மீண்டும் எழுத ஆகும் செலவு சுமார் 415 கோடி டாலர். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று எழுதிக்கொள்ள வேண்டுமானால் ஆகும் செலவு 8.8 லட்சம் கோடி டாலர். திறந்த மூலம் இல்லையென்றால் நிறுவனங்கள் மென்பொருளுக்கு இப்போதைவிட 3.5 மடங்கு செலவிட வேண்டியிருக்கும். இந்த மதிப்பின் 96 விழுக்காடு, 5 விழுக்காடு நிரலாளர்களின் உழைப்பால் உருவாகிறது என்பதும் அதன் முடிவு.

இங்கே விலையைக் கூட்டுவதால் பயனில்லை. கூடும் விலை விற்பவரிடமே தங்கும். ஏரிப் பாசனத்தில் குடிமராமத்து எப்படி விளைச்சலின் விலையிலிருந்து தனியாக, பயன்பெறுவோரின் கடமையாக ஏற்பட்டதோ, அப்படியொரு தனி ஏற்பாடுதான் தேவைப்படுகிறது. அத்தகைய ஏற்பாடுகள் மூன்று வகையாக உருவாகி வருகின்றன. முதல் வகை நிறுவனங்களின் தன்விருப்பப் பங்களிப்பு. 2024இல் தொடங்கிய திறந்த மூல உறுதிமொழி, நிறுவனத்தில் உள்ள ஒவ்வொரு நிரலாளருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 2,000 டாலரைத் திறந்த மூலப் பராமரிப்பாளர்களுக்குத் தரும்படி கேட்கிறது. அதே ஆண்டு பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதியை அறிவித்தது. இரண்டாம் வகை அரசு நிதி: ஜெர்மனி 2022இல் தொடங்கிய இறையாண்மைத் தொழில்நுட்ப நிதி அடித்தள நிரல்களுக்குப் பணம் தருகிறது. மூன்றாம் வகை சட்டக் கடமை. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து 2027 டிசம்பர் முதல் முழுமையாகப் பொருந்தும் ஐரோப்பிய இணையப் பாதுகாப்புச் சட்டம், பொருளை விற்பவரே அதில் உள்ள திறந்த மூலக் கூறுகளுக்கும் உரிய கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. ஓட்டை கண்டால் பராமரிப்பாளருக்குத் தெரிவிப்பதும், திருத்தம் எழுதியிருந்தால் அதைப் பகிர்வதும் விற்பவரின் கடமை. வணிக நோக்கின்றி எழுதுபவர் மேல் அந்தச் சுமை ஏறுவதில்லை.

நியாயத்தின் அளவுகோல்கள்

இவற்றைத் தொகுத்தால் ஒரு விலையை எடைபோட நான்கு கேள்விகள் கிடைக்கின்றன. முதலாவது, விற்பவர் சேர்த்தது என்ன? ஆதரவு, சான்று, ஒருங்கிணைப்பு, புதிய நிரல் என ஏதேனும் இருந்தால் விலைக்கு அடிப்படை உண்டு. இரண்டாவது, இலவச அடித்தளம் இருப்பது வாங்குபவருக்குத் தெரியுமா? தெரிந்து தரும் பணம், வசதிக்கான பணம். தெரியாமல் தருவது அறியாமையின் மீதான வரி. மூன்றாவது, வாங்குபவர் வெளியேற முடியுமா? மூலநிரலும் தரவும் கையோடு வந்தால் விலை எல்லை மீறாது; ஒப்பந்தமோ கிளவுட் கட்டமைப்போ அதைத் தடுத்தால் திறந்த மூலம் என்ற பெயர் வாங்குபவருக்குக் காப்பாகாது. நான்காவது, அடித்தளத்துக்குத் திரும்புவது என்ன? நிரலாகவோ, பணமாகவோ, பராமரிக்கும் ஆள்களாகவோ அது இருக்கலாம்.

முதல் மூன்று கேள்விகளுக்கும் விற்பனையாளரின் விலைப்பட்டியலையும் உரிமத்தையும் படித்தாலே விடை கிடைத்துவிடும். நான்காவதற்கு அந்த ஆவணங்களில் விடை இல்லை. உரிமங்கள் அதைக் கேட்பதும் இல்லை, கேட்டால் அவை திறந்த மூல உரிமங்களாக நீடிப்பதும் இல்லை. அதனால் குறைந்த விலை நியாயமான வணிகத்துக்குச் சான்றாகாது. உயர்ந்த விலை சுரண்டலுக்கும் சான்றாகாது. ஆண்டுக்கு 1,299 டாலர் வாங்கி லினக்ஸ் கருவுக்குத் தொடர்ந்து நிரல் எழுதும் நிறுவனமும், இலவசமாகச் சேவை தந்துகொண்டே தான் சார்ந்திருக்கும் நிரல்களுக்கு எதையும் தராத நிறுவனமும் ஒரே சந்தையில் இருக்கலாம். வாங்குபவர் பக்கத்து நியாயத்துக்கு நகலெடுக்கும் உரிமையைக் காப்பதே போதுமான வழி. ஆக்கியவர் பக்கத்து நியாயம், பராமரிப்பைத் தொழிலின் நிலையான செலவாக நிறுவனங்கள் தம் கணக்கில் எழுதுகின்றனவா என்பதைப் பொறுத்தது.